ஓர் அறையின் தீச்சுமையைக் கணக்கிடுவதும் குறைப்பதும் எப்படி

ஓர் அறையில் இருக்கும் எரியக்கூடிய பொருள்கள் அனைத்தும் முழுமையாக எரிந்தால் வெளிப்படும் மொத்த வெப்பத்தைத் தீச்சுமை என்கிறோம். அதை அறையின் தரைப்பரப்பால் வகுத்து, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மெகாஜூல் என்று கூறுவது வழக்கம். தீச்சுமை கூடினால் தீயின் கடுமையும் அதே அளவில் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். திறந்த வெளியில் குவித்துக் கொளுத்தும் விறகுக்கு அந்த எண்ணம் பெருமளவு பொருந்தும். நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் இடையே எரியும் தீக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பொருளின் அளவு முதன்மையாகத் தீர்மானிப்பது தீ எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத்தான். அதன் வீச்சுக்கு வரம்பிடுவது கதவு, சன்னல் வழியே வரும் காற்று. உச்ச நிலையை அது எத்தனை நிமிடங்களில் எட்டும் என்பதோ, பொருளின் தன்மையையும் அது வைக்கப்பட்டிருக்கும் விதத்தையும் பொறுத்தது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் ஓர் அறையிலிருந்து எதை வெளியேற்றுவது, எதை இடம் மாற்றுவது, எதை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்ய இயலும்.

முதலில் கணக்கெடுப்பு

ஒரு தாளும் அளவுநாடாவும் போதும். அறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றையும், ஒவ்வொரு கதவு, சன்னலின் அகலம், உயரம் ஆகியவற்றையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எரியக்கூடிய பொருள்களைப் பட்டியலிட வேண்டும். மேசை, கட்டில், மெத்தை, துணிகள், புத்தகங்கள், அட்டைப்பெட்டிகள் ஆகியவை எளிதில் நினைவுக்கு வரும். பெரும்பாலும் விடுபட்டுப்போவது அறையோடு ஒட்டியிருக்கும் பொருள்கள்: மரத்தாலான சுவர்ப்பலகை, பொய்க்கூரை, தரைவிரிப்பு, திரைச்சீலை, கதவுப் பலகை, மின்கம்பிகளின் மேலுறை. இவை நகராதவை என்பதால் கண்ணில் படுவதில்லை. ஆயினும் தீயின் தொடக்கத்தில் மிக மோசமான பங்கு இவற்றில் சிலவற்றுக்கே உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஒவ்வொன்றின் எடையையும் தோராயமாக மதிப்பிட்டால் போதும். பத்து விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறப்போவதில்லை. எடை கிடைத்ததும் அதை அந்தப் பொருளின் கலோரி மதிப்பால் பெருக்க வேண்டும். மரம், தாள், அட்டை, பருத்தித்துணி ஆகியவை கிலோவுக்கு 17 முதல் 20 மெகாஜூல் வரை தரும். கணக்குக்கு 18 என்று வைத்துக்கொள்ளலாம். மெத்தைகளிலும் சோஃபாக்களிலும் உள்ள பாலியூரித்தேன் ஃபோம் ஏறத்தாழ 25. தெர்மாகோல் செய்யப்படும் பாலிஸ்டைரீன் 40. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் ஆகிய சாதாரண பிளாஸ்டிக்குகள் 43 முதல் 46 வரை, அதாவது பெட்ரோலுக்கு நிகராக. ஒரு கிலோ பிளாஸ்டிக் வாளி இரண்டரைக் கிலோ விறகுக்குச் சமம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பட்டியல் போடும்போது கை தானாகவே சரியான இடங்களில் நின்று கணக்கிடும். பிவிசி மட்டும் இதற்கு விலக்கு. அதில் குளோரின் மிகுந்திருப்பதால் அதன் மதிப்பு மரத்தின் அளவிலேயே நிற்கும். எரியும்போது வெளியிடும் ஹைட்ரஜன் குளோரைடு வேறொரு தொல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு படுக்கையறை. அதில் மரச்சாமான்கள் 140 கிலோ, துணிகள் 40 கிலோ, புத்தகங்களும் தாள்களும் 50 கிலோ. இவை மூன்றும் சேர்ந்து 230 கிலோ. 18ஆல் பெருக்கினால் 4,140 மெகாஜூல். ஃபோம் மெத்தை 12 கிலோ. 25ஆல் பெருக்க 300. பிளாஸ்டிக் பொருள்கள் 15 கிலோ. 43ஆல் பெருக்க 645. மொத்தம் 5,085 மெகாஜூல். தரைப்பரப்பு 12 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 424 மெகாஜூல். மொத்த வெப்பத்தை 18ஆல் வகுத்தால், அது 282 கிலோ மரத்துக்குச் சமம் என்று தெரியும். சதுர மீட்டருக்கு 23.5 கிலோ.

இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பான யூரோகோட் 1, பயன்பாட்டுக்கேற்பச் சராசரித் தீச்சுமைகளைத் தருகிறது. சதுர மீட்டருக்கு மருத்துவமனை அறை 230, வகுப்பறை 285, விடுதி அறை 310, அலுவலகம் 420, வணிக வளாகம் 600, குடியிருப்பு 780, நூலகம் 1,500 மெகாஜூல். அலுவலகத்தைவிடக் குடியிருப்பின் மதிப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது பலருக்கு வியப்பளிக்கும். வீட்டில் எதையும் எளிதில் வெளியேற்ற மனம் வருவதில்லை என்பது ஒருவேளை இதற்கு விளக்கமாக இருக்கலாம்.

எண் சொல்லும் நேரம்

தீச்சுமைக்கும் தீயின் காலஅளவுக்கும் உள்ள உறவை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர் அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் நிறுவனத்தில் பணியாற்றிய சைமன் இங்பெர்க். சாமான்கள் நிறைந்த அறைகளை முற்றாக எரியவிட்டு அவர் 1928இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 49 கிலோ மரத்துக்குச் சமமான சுமை இருந்தால், அந்தத் தீயின் தாக்கம் சோதனை உலையில் ஒரு மணி நேரம் சுடப்படுவதற்கு நிகரானது. 98 கிலோ என்றால் இரண்டு மணி நேரம். நம்முடைய எடுத்துக்காட்டு அறைக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். கதவுகளுக்கும் சுவர்களுக்கும் அரை மணி, ஒரு மணி என்று தீத்தாங்கு நேரம் குறிப்பிடப்படுவதன் பின்னால் இந்தச் சிந்தனைதான் இருக்கிறது.

இந்த நேரம் கட்டடம் தாங்கும் நேரத்தைப் பற்றியது. உள்ளே இருக்கும் மனிதர் தாங்கும் நேரம் இதில் ஒரு சிறு பகுதிகூட இல்லை. அறைக்குள் இருப்பவருக்குப் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களே உண்டு, அதுவும் புகை அனுமதித்தால். ஆகவே குறைந்த தீச்சுமை கொண்ட அறையைப் பாதுகாப்பான அறை என்று சொல்லிவிடக் கூடாது.

காற்று இடும் வரம்பு

இங்பெர்க்கின் உறவில் இல்லாத ஒன்று காற்று. அதைக் கணக்கில் சேர்த்தால்தான் அடைபட்ட அறையின் இயல்பு விளங்கும்.

எரியும் பொருள் எதுவாயினும், அது பயன்படுத்தும் ஒவ்வொரு கிலோ ஆக்சிஜனுக்கும் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 13.1 மெகாஜூல்தான், மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. காற்றின் எடையில் 23 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால், ஒரு கிலோ காற்று 3 மெகாஜூல் வெப்பத்துக்கு மட்டுமே இடம் தரும். நம் அறையின் கொள்ளளவு 30 கன மீட்டர். அதில் உள்ள காற்றின் எடை சுமார் 36 கிலோ. அது முழுவதும் செலவானாலும் 108 மெகாஜூல்தான் வெளிப்படும், அதாவது 6 கிலோ மரம். நடைமுறையில் அதுவும் நடக்காது. ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 15க்கு அருகில் இறங்கும்போதே சுடர் தளரத் தொடங்கிவிடும் என்பதால், இறுக மூடிய அறையில் 2 கிலோ மரத்துக்கு ஈடான பொருள் எரிந்ததுமே தீ ஒடுங்க ஆரம்பிக்கும். அறையில் உள்ள 5,085 மெகாஜூலையும் எரித்து முடிக்க அதைப் போன்ற 47 அறைகளின் காற்று வேண்டும். அந்தக் காற்று எங்கிருந்து வரும் என்பதே உண்மையான கேள்வி.

திறந்த கதவு வழியாகத்தான் வரும். கதவின் மேற்பாதியில் சூடான புகை வெளியேற, கீழ்ப்பாதியில் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். இந்தக் காற்றோட்டத்தின் அளவு திறப்பின் பரப்பை மட்டும் பொறுத்ததன்று, உயரத்தையும் பொறுத்தது. ஜப்பானிய ஆய்வாளர் கவாகோயே 1950களில் கண்டறிந்த விதி இன்றும் பயன்படுகிறது. திறப்பின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, திறப்பின் உயரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வருவதை 5.5ஆல் பெருக்கினால், ஒரு நிமிடத்தில் எத்தனை கிலோ மரம் எரியும் என்பது கிடைக்கும். கதவு 0.9 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையதாயின், பரப்பு 1.8, 2இன் வர்க்கமூலம் 1.41, பெருக்கினால் 2.55, அதை 5.5ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 14 கிலோ. ஆக 282 கிலோவும் எரிந்து முடிய ஏறத்தாழ 20 நிமிடம்.

இப்போது சுமையை இரு மடங்காக்கிப் பாருங்கள். கதவு அதே கதவு என்பதால் எரிவேகம் நிமிடத்துக்கு 14 கிலோவிலேயே நிற்கும். நேரம் மட்டும் 40 நிமிடமாக நீளும். சுமையை மாற்றாமல் கதவைப் பாதி அகலத்துக்குச் சாத்தினாலும் அதே 40 நிமிடம்தான் வரும், ஆனால் எரிவேகம் 7 கிலோவாகக் குறைந்திருக்கும். நேரம் ஒன்றாயினும் இவை இரண்டும் வேறுவேறு தீ. முதலாவது, முழு வீச்சோடு இரு மடங்கு நேரம் சுவரையும் கூரையையும் சுடுகிறது. எஃகு உத்தரங்கள் 550 முதல் 600 பாகை செல்சியசில் ஏறத்தாழப் பாதி வலிமையை இழந்துவிடும் என்பதை எண்ணினால், அந்தக் கூடுதல் 20 நிமிடத்தின் விலை புரியும். இரண்டாவது தீ மந்தமானது. ஆனால் காற்றுப் போதாமல் எரிவதால் கார்பன் மோனாக்சைடு பல மடங்கு கூடும்.

ஒரு சன்னல் கண்ணாடி உடைந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். 1.2 மீட்டர் சதுரமான சன்னல் நிமிடத்துக்கு 8 அல்லது 9 கிலோ எரிவேகத்தைக் கூட்டும். அப்போது 20 நிமிடத் தீ 12 அல்லது 13 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் மிகக் கடுமையாக. திறப்புகள் இன்னும் பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்று தேவைக்கு மேல் கிடைக்கத் தொடங்கும். அதன் பிறகு வரம்பிடுவது எரியும் பொருளின் வெளிப்பரப்பு. அகன்ற திறப்புகள் உள்ள கொட்டகையில், பொருள் கூடினால் தீயும் கூடும் என்ற பொது எண்ணம் மறுபடியும் உண்மையாகிறது. எனவே உங்கள் அறை இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் தீர்மானிப்பது நல்லது. ஒற்றைக் கதவும் ஒன்றிரண்டு சன்னல்களும் கொண்ட, சாமான்கள் நிறைந்த அறை அநேகமாகக் காற்றால் வரம்பிடப்பட்டதாகவே இருக்கும்.

விரைவைத் தீர்மானிப்பவை

மேலே சொன்ன கணக்குகள் யாவும் அறை முழுவதும் பற்றிய பிறகு நடப்பவை. அதற்கு முந்தைய கட்டத்தில்தான் உயிர்கள் தப்புவதும் தப்பாமற்போவதும் முடிவாகிறது. ஒரு பொருளில் பிடித்த தீயின் புகை கூரைக்கடியில் தேங்கி, அதன் வெப்பம் ஏறக்குறைய 600 பாகை செல்சியசை எட்டும்போது, கீழே இருக்கும் எல்லாப் பொருள்களும் அதன் கதிர்வீச்சால் காய்ந்து, வாயுக்களை உமிழ்ந்து, சில நொடிகளுக்குள் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். இதைத் தீயணைப்புத் துறையினர் ஃபிளாஷ் ஓவர் என்பார்கள். நம் எடுத்துக்காட்டு அறையில் கதவு திறந்திருந்தால், இந்த நிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு மெகாவாட் வெப்பம் போதும். ஃபோம் திணித்த ஒரு பெரிய சோஃபா தனியாகவே அந்த அளவைத் தாண்டக்கூடும். மீதமுள்ள 200 கிலோ சாமான்களுக்கு அந்தக் கட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை.

எடையைவிட வெளிப்பரப்பு முக்கியமாவது இங்கேதான். ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்பம் சுமார் 32 மெகாஜூல், ஏறத்தாழ 1.8 கிலோ மரத்துக்குச் சமம். தரையில் சிந்திய பெட்ரோல் ஒரு நிமிடத்துக்குள் எரிந்து தீரலாம். அதே வெப்பம் கொண்ட மரக்கட்டை ஆற அமர எரியும். மரம் கரியாகும் வேகம் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், 40 மில்லிமீட்டர் தடித்த பலகை இரு பக்கமும் எரிந்தாலும் முடிய அரை மணி நேரம் ஆகும். அந்தப் பலகையைச் சீவித் தூளாக்கிப் பரப்பினால் எடை மாறாது, தீ மாறிவிடும். நெருக்கி அடுக்கிய புத்தகங்கள் முதுகுப்புறத்தில் கருகி மெல்ல எரிய, கலைந்து கிடக்கும் செய்தித்தாள்கள் நொடியில் பற்றுகின்றன. தீச்சுமைக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. இந்தக் கணக்கின் பெருங்குறை இது என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், ஒரே அளவுள்ள இரண்டு வரவேற்பறைகளில் ஒன்றில் மரமும் பருத்தியும் மிகுந்த பழைய சாமான்களையும், மற்றொன்றில் செயற்கை இழைகளும் ஃபோமும் மிகுந்த இன்றைய சாமான்களையும் வைத்துக் கொளுத்திப் பார்த்தது. புதிய அறை 5 நிமிடத்துக்குள் ஃபிளாஷ் ஓவரை அடைந்தது. பழைய அறைக்கு அரை மணி நேரம் அளவில் ஆனது.

எதை முதலில் அகற்றுவது

பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கனமான பொருளிலிருந்து தொடங்குவது இயல்பான செயல். அதைத் தவிர்ப்பது நல்லது. கனமான மர மேசையை வெளியேற்றுவதால் தீயின் முடிவு நேரம் குறையுமே தவிர, தொடக்கம் தாமதமாகாது. கூரையோடும் சுவரோடும் ஒட்டிய மெல்லிய பொருள்களே முதலில் கவனிக்கத்தக்கவை: தெர்மாகோல் பலகைகள், ஃபோம் ஒலித்தடுப்புகள், செயற்கை இழைத் திரைச்சீலைகள், அலங்காரத் தாள்கள். சூடான புகை முதலில் தொடுவது இவற்றைத்தான். பற்றிய சுடர் மேல்நோக்கியும் கூரையடியிலும் ஓடும் வேகம் தரையில் பரவுவதைவிடப் பன்மடங்கு அதிகம். எடையில் 5 கிலோகூட இராத இவற்றை அகற்றுவதால் கிடைக்கும் பயன், 50 கிலோ புத்தகங்களை அகற்றுவதைவிடப் பெரிது.

அடுத்து, ஃபோம் உள்ள இருக்கைகளும் மெத்தைகளும். இவற்றை முற்றாக அகற்றுவது எல்லா இடத்திலும் இயலாது. எனவே மின்சூடேற்றி, மெழுகுவத்தி, மின்னேற்றத்தில் இருக்கும் கருவி போன்றவற்றை அவற்றிலிருந்து விலக்கி வைப்பதும், ஒரு பெரிய இருக்கைக்கும் அடுத்த பொருளுக்கும் இடையே ஒரு மீட்டர் அளவு இடைவெளி விடுவதும் நடைமுறைக்கு ஏற்றவை. மெல்லிய திரைச்சீலை போன்றவை சதுர மீட்டருக்கு 10 கிலோவாட் கதிர்வீச்சிலேயே பற்றக்கூடும். சாதாரணச் சாமான்களுக்கு 20 அளவு வேண்டும். தடித்த மரத்துக்கு அதனினும் அதிகம். தொலைவு கூடக்கூடக் கதிர்வீச்சு விரைவாகக் குறைவதால், சில அடி இடைவெளி ஒரு பொருளின் தீயை அந்தப் பொருளோடு நிறுத்திவிட முடியும். எரியக்கூடிய ஒரு பெரிய பொருளை அறையின் மூலையில் வைப்பதையும் தவிர்க்கலாம். இரு சுவர்களுக்கிடையே சிக்கிய சுடர் பக்கக்காற்று கிடைக்காமல் நெடிதாக நீண்டு கூரையை விரைவில் தொடும்.

அகற்ற முடியாததை மூடி வைக்கலாம். கதவு சாத்திய எஃகு பீரோவுக்குள் இருக்கும் தாள்கள், காற்றுக் கிடைக்காமல் கருகுமே தவிர எளிதில் சுடர்விட்டு எரிய மாட்டா. தீச்சுமை ஆய்வுகளில் அத்தகைய பொருள்களைக் குறைத்து மதிப்பிடும் வழக்கமும் இதனால்தான் ஏற்பட்டது. திறந்த அலமாரியில் உள்ள 50 கிலோ தாள்களை அப்படி மாற்றினால் நம் கணக்கில் 900 மெகாஜூலின் பெரும்பகுதி ஒதுங்கிவிடும்; சதுர மீட்டருக்கு 424 என்பது 350ஐ ஒட்டி வரும். பீரோவின் கதவு திறந்தே கிடக்குமானால் இந்தச் சலுகை கிடையாது. பெட்ரோல், தின்னர், வாயு உருளை போன்றவற்றுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அவை வாழும் அறையில் இருக்கவே கூடாது.

மரச்சாமான்களும் அடர்த்தியான புத்தக அடுக்குகளும் இறுதியில் வருவன. இவற்றைக் குறைப்பது தீயின் நீளத்தைக் குறைக்கும். பக்கத்து அறைக்கும் மேல்தளத்துக்கும் ஏற்படும் இடரைக் குறைக்கும். சேமிப்பறைகளிலும் ஆவணக் காப்பறைகளிலும் இது முதன்மையான வேலையாகிவிடும். அங்கே சுமை சதுர மீட்டருக்கு 1,500 மெகாஜூலை எட்டினால், அது 83 கிலோ மரம். இங்பெர்க்கின் கணக்கில் ஒரு மணி 40 நிமிடம். அரை மணி நேரம் மட்டும் தாங்கும் கதவை அத்தகைய அறைக்குப் பொருத்துவதில் பொருளில்லை. ஒன்று சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது இரண்டு மணி நேரம் தாங்கும் கதவைப் பொருத்த வேண்டும்.

கதவைப் பற்றி

கதவை மூடி வைப்பது செலவில்லாத தடுப்பு. படுக்கையறைக் கதவை இரவில் சாத்தி வைத்தால், வெளியே எரியும் தீயின் புகை உள்ளே வரத் தாமதமாகும். உள்ளே தீப்பிடித்து வெளியேற நேர்ந்தால், வரும்போதே கதவை இழுத்துச் சாத்திவிட்டு வருவது நிமிடத்துக்கு 14 கிலோ எரியவிருந்த தீயை மூச்சடைக்கச் செய்யும்.

மூடிய அறையில் நெடுநேரமாகத் தீ இருந்திருந்தால் நிலைமை வேறு. சுடர் ஒடுங்கிய பிறகும் பொருள்கள் சூட்டினால் எரிவாயுக்களை உமிழ்ந்துகொண்டே இருக்கும். தீச்சுமை மிகுந்த அறையில் அந்த வாயுக்களும் மிகுதியாகத் தேங்கும். அப்போது கதவைத் திறந்தால், உள்ளே பாயும் புதுக்காற்றோடு அவை கலந்து, வெடிப்பைப் போன்ற வேகத்தில் தீயாகக் கதவு வழியே சீறும். கதவிடுக்கில் புகை உள்ளிழுக்கப்படுவதும் வெளித்தள்ளப்படுவதுமாக இருத்தல், சன்னல் கண்ணாடியின் உட்புறம் கறுத்துச் சூடேறியிருத்தல், சுடரே தெரியாமல் புகை மட்டும் அடர்ந்திருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். புறங்கையால் தொட்டுப் பார்த்துக் கதவு சூடாக இருந்தாலோ, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலோ, கதவைத் திறக்காமல் வெளியேறி, தீயணைப்புத் துறையினரிடம் அறையின் அளவையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் போட்டு வைத்த பட்டியல் அப்போது கையில் இருந்தால், முதல் வரியில் பெட்ரோலும் வாயு உருளையும் இருக்கின்றனவா இல்லையா என்பதையே அவர்கள் கேட்பார்கள்.